ஆங்கிலக் கவிதையில் நீதி தேடி ஓடாதீர்கள்

ஆங்கில வகுப்பில் ஒரு கவிதையை வாசித்து முடித்த கையோடு 'இதில் கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?' என்ற கேள்வி வந்துவிடும். கேள்வியில் குறையில்லை, கேட்கும் நேரத்தில்தான் குறை. வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்குமுன் கருத்துக்குத் தாவினால், கவிதை சொல்லாததையெல்லாம் அதன் தலையில் கட்டிவிடுவோம்.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1915-இல் வெளியிட்ட 'தி ரோட் நாட் டேக்கன்' (போகாத பாதை) இதற்கு நல்ல சாட்சி. காட்டில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வழிப்போக்கன் அதில் பேசுகிறான். 'பலர் நடக்காத பாதையில் துணிந்து செல்' என்பதே அதன் கருத்து என்று மாணவர்கள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். இரண்டாம் பத்தியை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தான் தேர்ந்த பாதையில் புல் மண்டியிருக்கிறது, நடமாட்டம் குறைவு போலும் என்கிறான் அந்த வழிப்போக்கன். உடனேயே, தேய்மானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று மாற்றிச் சொல்கிறான். அடுத்த பத்தியில், அன்று காலை இரு பாதைகளிலும் மிதிபடாத இலைகளே கிடக்கின்றன. குறைவாக நடந்த பாதையைத்தான் எடுத்தேன் என்ற உறுதியான பேச்சு கடைசிப் பத்தியில்தான் வருகிறது. அதுவும், நெடுங்காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு அப்படிச் சொல்லப்போகிறேன் என்ற பீடிகையுடன்! அந்தப் பெருமூச்சு நிறைவா, ஏக்கமா, பழங்கதையை அழகுபடுத்தும் பாவனையா? வகுப்பில் ஒரு மணி நேரம் பேச இது ஒன்றே போதும். நீதியை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டால் பேச எதுவும் மிஞ்சாது.

கவிதையில் வரும் 'நான்' கவிஞரேதான் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. மேகம்போல் தனியாக அலைந்தேன் என்று தொடங்குகிறது ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்க் கவிதை. உண்மையில் 1802 ஏப்ரல் 15 அன்று ஏரிக்கரையில் அந்த மலர்களைக் கண்டபோது அவருடைய தங்கை டோரதி உடனிருந்தார். தம் நாட்குறிப்பில் அதை எழுதியும் வைத்திருக்கிறார். அதற்காக வேர்ட்ஸ்வொர்த் பொய் சொன்னார் என்று ஆகாது. கவிதைக்குத் தனிமை தேவைப்பட்டது, தங்கை விடுபட்டார். 'கவிஞர் சொல்கிறார்' என்பதற்குப் பதிலாக 'கவிதையில் பேசுபவர் சொல்கிறார்' என்று எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

அணிகளைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுவதோடு நிறுத்திக்கொள்வதும் வீண் வேலை. 'மேகம்போல்' என்பது உவமை. சரி, ஏன் மேகம்? உயரத்தில், யாரோடும் ஒட்டாமல், போக்கிடம் தெரியாமல் நகர்வது அது. அப்படிப்பட்டவன் கண்ணில் திடீரென ஒரு பெரும் மலர்க்கூட்டம் படுகிறது. நான்கு பத்திகளிலும் நடனம் என்ற சொல் ஏதாவதொரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது: முதலில் மலர்கள் ஆடுகின்றன, பிறகு அலைகள், கடைசியில் அவனுடைய உள்ளமும் ஆடுகிறது. தொடக்கத்தில் வெறுமையாக இருந்த தனிமை முடிவில் பேரின்பமாகிவிடுகிறது. உவமையின் பெயரை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கியவருக்கு இது எதுவுமே தெரியாமல் போய்விடும்.

கலந்துரையாடலில் கேட்கும் 'கவிதைக்கு யார் எந்தப் பொருள் சொன்னாலும் சரிதான்' என்ற பேச்சு பெருந்தன்மைபோலத் தோன்றும். உண்மையில் அது உரையாடலுக்குப் போடும் பூட்டு. பல பொருள் இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஏதாவதொரு வரியில் கால் ஊன்றியிருக்க வேண்டும். 'எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்பது யாரையும் மடக்குவதாகாது. ஆசிரியர் சொன்ன விளக்கத்தையும் அதே கேள்வியால் சோதிக்கலாம்.

உரக்க வாசிக்கும்போது ஒவ்வோர் அடியின் முடிவிலும் தானாக நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் நிறுத்தற்குறி இருக்கும் இடத்தில்தான் வாக்கியம் நிற்கிறது. டாஃபடில் கவிதையின் முதலடி முடிவில் எந்தக் குறியும் கிடையாது. மேகம் எங்கே மிதக்கிறது என்பது அடுத்த அடியில் தொடர்கிறது. புரியவில்லை என்று மாணவர்கள் கைவிடும் பல வரிகள், இப்படித் தொடர்ந்து வாசித்தாலே பிடிபட்டுவிடும்.