பழைய ரோடு சைக்கிளுக்குப் புதிய பாகங்கள்: வாங்குமுன் அளக்க வேண்டியவை

பழைய ரோடு சைக்கிள் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க முனைபவர்கள் பெரும்பாலும் கியர் செட்டைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்து மாட்ட உட்காரும்போதுதான் அது அந்தப் பிரேமில் சேராது என்பது தெரியவருகிறது. எது சேரும் என்பதைப் பிரேம்தான் முடிவு செய்கிறது. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் வெர்னியர் காலிப்பரை எடுங்கள். 1980களில் செய்யப்பட்ட, 6 அல்லது 7 ஸ்பீடு (பின்னால் அத்தனை பல்சக்கரம் கொண்ட) எஃகு வண்டி ஒன்றில் ஷிமானோவின் 8 ஸ்பீடு கிளாரிஸ் பாகங்களை மாட்டுவதாக இங்கே வைத்துக்கொள்கிறேன். புதிய பாகங்களின் விலை பல சமயம் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். சிக்கனம் மட்டுமே நோக்கமென்றால் இதில் இறங்க வேண்டியதில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும்போது சீட் போஸ்ட்டும் (சீட்டைத் தாங்கும் தண்டு) ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் தண்டு) அசைகின்றனவா என்று பாருங்கள். எஃகுக் குழாய்க்குள் கிரீஸ் இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்த அலுமினியம் அரித்து இறுகிப்போகும். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. பிறகு ஹெட் டியூபுக்கு (பிரேமின் முன்பக்கக் குறுங்குழாய்) சற்றுப் பின்னால், மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். பெயிண்ட்டுக்கு அடியில் நெளிவு தட்டுப்பட்டால் வண்டி எதன்மீதோ நேராக மோதியிருக்கக்கூடும். அதை விட்டுவிடுவதே நல்லது.

அதிகம் ஏமாற்றுவது பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கைகளின் அச்சைத் தாங்கும் பகுதி) மரைதான். ஆங்கில மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் கொண்டது. அதன் வலப்பக்கக் கப் (பிரேமுக்குள் திருகி உட்காரும் கிண்ணம்) இடமரை என்பதால் வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இத்தாலிய மரை 36 மி.மீ., பழைய பிரெஞ்சு மரை 35 மி.மீ.; இவ்விரண்டிலும் இரு பக்கமும் சாதாரண வலமரையே. ஆங்கில விதியை மட்டும் மனப்பாடம் செய்திருந்த நான், பிரெஞ்சு வண்டி ஒன்றின் வலப்பக்கக் கப்பை ஸ்பானரில் குழாய் செருகி ஒரு மாலை முழுவதும் வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். மறுநாள் கப்பின் முகத்தில் படிந்திருந்த அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது ‘35x1’ என்று பொறித்திருப்பது தெரிந்தது. முதலில் துடையுங்கள், பிறகு திருப்புங்கள். ஷெல்லின் (கப்புகள் திருகப்படும் பிரேம் குழாய்) அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்: ஆங்கில வகையில் வழக்கமாக 68 மி.மீ., இத்தாலிய வகையில் 70 மி.மீ. இருக்கும்.

அடுத்தது பின்சக்கரம் உட்காரும் இடைவெளி. 6, 7 ஸ்பீடு காலத்துப் பிரேம்களில் அது பெரும்பாலும் 126 மி.மீ.; 8 ஸ்பீடு ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) 130 மி.மீ. தேவை. எஃகு பிரேமைப் பக்கத்துக்கு 2 மி.மீ. வீதம் வளைத்து விரிக்கலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் இதைச் செய்யவே கூடாது. விரித்த பின் நூல் ஒன்றைப் பின்பக்க டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பள்ளம்) ஒன்றில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருந்தால் பிரேம் நேராக இருக்கிறது. இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் அதிகம் வளைந்திருக்கிறது.

வண்டியில் 27 அங்குலச் சக்கரம் இருந்தால் அதன் ரிம் விட்டம் 630 மி.மீ.; இன்றைய 700சி ரிம் 622 மி.மீ. எனவே 700சிக்கு மாறினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் போல்ட்டின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடம் வரை அளந்து, தேவைப்பட்டால் 47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் பிரேக்கைத் தேடுங்கள். புதிய பிரேக்குகள் பலவற்றில் ஃபோர்க்குக்குள் புதைந்து உட்காரும் நட் வருகிறது. பழைய ஃபோர்க்கின் துளை அதற்குச் சிறியது என்பதால் பின்பக்கத் துளையை மட்டும் 8 மி.மீ.க்குப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

சீட் போஸ்ட் விட்டத்தில் 0.2 மி.மீ. வித்தியாசம்கூட ஒத்துவராது, பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். கீழ்க்குழாயில் பழைய கியர் லிவர்கள் இருந்த இடத்துக்குத் திருகு வகைக் கேபிள் ஸ்டாப்பர் (கேபிள் உறையின் முனையைத் தாங்கும் பாகம்) தேவைப்படும்.

பூட்டும்போது மரைகளிலும் சீட் போஸ்ட்டிலும் கிரீஸ் தடவுங்கள். கப்புகளை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரையும் கேசட் லாக்ரிங்கை (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியைப் பிடிக்கும் வளையம்) 40 அளவிலும் இறுக்க வேண்டும். இடது பெடல் இடமரை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செயினை டிரெயிலருக்குள் (derailleur: செயினைப் பல்சக்கரம் மாற்றி நகர்த்தும் கருவி) விடாமல் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரங்களின்மேல் சுற்றி, சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

கேபிளை மாட்டுவதற்கு முன்பே டிரெயிலரின் இரு எல்லைத் திருகுகளையும் (அது எதுவரை நகரலாம் என்பதைக் கட்டுப்படுத்துபவை) சரிசெய்துவிடுங்கள்; இந்த வரிசையை மாற்றினால் செயின் ஸ்போக்கில் விழுந்து கம்பிகளை வெட்டும் அபாயம் உண்டு. வண்டி எப்போதோ வலப்பக்கம் விழுந்திருந்தால் டிரெயிலர் தொங்கும் ஹேங்கர் உள்நோக்கி வளைந்திருக்கலாம். பின்னாலிருந்து பார்த்து, அதை நிமிர்த்திய பிறகே கியரைத் தொடுங்கள்.

முதல் நூறு கிலோமீட்டருக்குள் புதிய கேபிள்கள் சற்றுத் தளரும். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் டிரெயிலரின் பேரல் அட்ஜஸ்டரை (கேபிளின் இழுவையைச் சரிசெய்யும் திருகு) இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். அப்போதே இடது கிராங்கின் (பெடல் கை) இரண்டு போல்ட்டுகளையும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டரில் மறுபடி இறுக்கிவிடுங்கள்.