கால் நகம் சதைக்குள் குத்தினால்: வீட்டு வைத்தியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கிவிட்டால், கை முதலில் போவது நகவெட்டியின் பக்கம்தான். வலிக்கிற மூலையைத் தோண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். எடுத்தவுடன் நிம்மதியாகவும் இருக்கும். இந்த நிம்மதிதான் ஆளை ஏமாற்றுகிறது, ஏனென்றால் சில வாரங்களில் அதே இடம் முன்பைவிட மோசமாக வலிக்க ஆரம்பிக்கும்.

மூலையை ஆழமாக வெட்டும்போது, வெட்டு நகத்தின் கடைசி ஓரம் வரை போய்ச் சேருவதில்லை. சதை மறைத்திருக்கும் ஒரு சின்னத் துணுக்கு உள்ளேயே நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் ஒழுங்காக வளைத்து வெட்டியதுபோலத் தெரியும். ஆனால் நகம் வளர வளர அந்தக் கூர்முனை முன்னோக்கி நகர்ந்து சதையைத் துளைக்கும். போதாததற்கு, நகம் இருந்த இடம் காலியானதும் பக்கத்துச் சதை அங்கே எழும்பி உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வரும் நகத்துக்குப் போக வழி இருக்காது.

ஆகவே வீட்டில் செய்யும் எதுவானாலும் அதன் வேலை ஒன்றுதான்: வீக்கத்தைக் குறைத்து, நகத்தின் மூலை சதையைத் தாண்டி வெளியே வரும்வரை அதற்கு வழிவிடுவது. கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். வீக்கமும் வலியும் சில நாட்களில் குறையலாம், மூலை வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான தவறுகள் இந்த அவசரத்தில் பிறப்பவைதான்.

நகத்தின் நுனியில் நடுவில் 'வி' வடிவத்தில் வெட்டிவிட்டால் இரண்டு ஓரமும் நடுவை நோக்கி வளரும் என்று ஒரு நம்பிக்கை வெகுகாலமாக உலவுகிறது. நகம் வளர்வது அடியில், தோலுக்குள் இருக்கும் வேரிலிருந்து. நுனியில் இருப்பது உயிரற்ற பகுதி, அங்கே என்ன வடிவம் வெட்டினாலும் வேருக்குத் தெரியாது. நடுவில் ஒரு வெட்டு விழுவதுதான் மிச்சம்.

சரி, தண்ணீரில் ஊறவைப்பது? இது நல்ல வழிதான், செய்யும் விதத்தில்தான் கோளாறு. வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வீக்கம் குறையும்வரை செய்தால் போதும். சாதாரண சோப்பு கரைத்த தண்ணீரே போதுமானது. உப்புப் போடுவதில் தவறில்லை, ஆனால் நகத்தை வெளியே இழுக்கும் சக்தியெல்லாம் உப்புக்குக் கிடையாது. சூடு அதிகமாக இருந்தால் பலனும் அதிகம் என்று கொதிக்கக் கொதிக்கக் காலை வைப்பவர்கள், வீங்கிய விரலில் கொப்புளத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, ஊறவைத்த காலைத் துடைக்காமல் அப்படியே சாக்ஸ் போடுவது. எப்போதும் ஈரமாக இருக்கும் தோல் ஊறி மென்மையாகிவிடும், அப்போது நகம் இன்னும் எளிதாக உள்ளே போகும். காலுக்கு அதிகம் வியர்ப்பவர்களுக்கும் பதின்வயதினருக்கும் இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு ஈரமும் ஒரு காரணம்.

பஞ்சு வைக்கும் முறையிலும் பொறுமைதான் முக்கியம். ஊறவைத்துத் துடைத்த பிறகு, நாலைந்து இழை பஞ்சை மட்டும் எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினால் ஒரு நூலின் கனத்தில் வரும். ஒரு விரலால் ஓரத்துச் சதையை நகத்தை விட்டு மெதுவாக விலக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இழையை மூலைக்கு அடியில் எவ்வளவு தானாகப் போகிறதோ அவ்வளவு மட்டும் நுழைக்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம்தான் போகும், அது போதும். முழுப் பஞ்சு உருண்டையை ஊசி அல்லது பல்குத்தியால் திணிப்பது, ரத்தம் வந்த பிறகும் தொடர்வது, வைத்த பஞ்சை நாட்கணக்கில் மறந்துவிடுவது மூன்றுமே கிருமிக்கு இடம் கொடுக்கும். தினமும் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். அந்த இடத்தைத் தொடவே முடியாத அளவுக்கு வலி இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம். அதற்குப் பதிலாக, ஒட்டும் டேப்பின் ஒரு முனையை நகத்தை ஒட்டிய சதையில் ஒட்டி, சதையை நகத்திலிருந்து விலகும்படி இழுத்து, விரலுக்கு அடியில் சாய்வாகக் கொண்டுபோய் ஒட்டலாம். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடக் கூடாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

பற்பசை, பூண்டு விழுது, வினிகர் என்று மேலே தடவும் சங்கதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. புண்ணான தோலில் இவை எரிச்சலைக் கிளப்பும், நகத்தின் முனை இருக்கும் இடத்தை விட்டு அசையாது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுவதும் வேண்டாம், நுரை பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் ஆறிவரும் திசுவையும் அது அரித்துவிடும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. முள் உள்ளேயே இருக்கும்போது மருந்து மட்டும் சாப்பிட்டால் புண் ஆறுமா? கிருமி பரவியிருக்கும்போது மருத்துவர் அதை எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். அப்போதும் நகத்தைச் சரிசெய்யாவிட்டால் சீழ் திரும்பி வரும்.

நகத்தின் ஓரத்தில் சிவப்பாக, ஈரப்பசையுடன், தொட்டாலே ரத்தம் கசியும் சதை வளர்ந்திருந்தால் அதை வெட்டவோ சுடவோ நினைக்க வேண்டாம். நகத்தின் உறுத்தலுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. இந்த நிலைக்கு வந்துவிட்டால் வீட்டு வைத்தியத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது என் கருத்து. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையும் சில புற்றுநோய் மருந்துகளும்கூட நகத்தோரத்தில் இப்படிச் சதை வளரச் செய்யும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய், காலில் ரத்த ஓட்டக் குறைவு, பாதம் மரத்துப்போகும் தொந்தரவு, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன எதையும் சொந்தமாகச் செய்ய வேண்டாம், ஊறவைப்பதைக்கூட. மரத்த காலுக்குத் தண்ணீரின் சூடு தெரியாது. சின்னப் புண் பெரிய புண்ணாகி, எலும்புவரை போய்விடக்கூடும். மற்றவர்களும் சிவப்பு நிறம் விரலைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, சில நாட்கள் கவனித்தும் முன்னேற்றமே இல்லாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போனால் முழு நகத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்திலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். வழக்கமாகச் செய்வது அதுவல்ல. விரலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, குத்துகிற பக்கத்தில் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுப்பார்கள். அடிக்கடி திரும்பி வருகிறது என்றால், அந்தப் பட்டை முளைக்கும் வேரில் ஃபீனால் என்ற மருந்தைத் தடவிவிடுவார்கள், அந்த ஓரம் மறுபடி வளர்வது அபூர்வம். நகம் கொஞ்சம் குறுகலாகத் தெரியும், அவ்வளவுதான். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஊசி போடும் அந்தச் சில நொடிகள் வலிக்கும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆறிய பிறகு நகத்தை நேராக வெட்டுங்கள், மூலை சதைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விட்டுவிடுங்கள். மூலை சாக்ஸில் மாட்டினால் அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும். அப்புறம், விரல்களை அசைக்க இடமில்லாத ஷூவை வைத்துக்கொண்டு நகத்தை எவ்வளவு ஒழுங்காக வெட்டினாலும் பயன் குறைவு. புது ஷூவைச் சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது, பகல் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும்.