டைம்அவுட் போட மறக்காதீங்க

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையை ஸ்கிரிப்ட் மூலம் சர்வருக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் அடைமழை பிடித்தால் சிக்னல் போய்ப்போய் வரும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ஏபிஐயை (சர்வரோடு நிரல் பேசும் வழி) கூப்பிடும்போது டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கெடு) கொடுக்காவிட்டால், வராத பதிலுக்காக ஸ்கிரிப்ட் அப்படியே தொங்கி நிற்கும். தானாக அந்த நூலகம் எந்தக் கெடுவும் வைப்பதில்லை. சர்வரோடு இணைய 5 விநாடி, பதிலுக்கு 20 விநாடி என்று தனித்தனியாகவே கொடுக்கலாம்.

மறுபடி முயலும்போதுதான் கவனம். கெட் (தகவலைக் கேட்டு வாங்குவது) என்றால் எத்தனை தரமும் கேட்கலாம். போஸ்ட் (புதுப் பதிவை அனுப்புவது) அப்படியில்லை. முதல் தடவையே சர்வரில் பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், ஒரே கொழுந்து நிறுவை இரண்டாக ஏறிவிடும் (கணக்கப்பிள்ளைக்கு யார் பதில் சொல்வது!). ஒவ்வொரு பதிவோடும் ஒரு தனி எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள்; அதே எண் திரும்ப வந்தால் சர்வர் ஒதுக்கிவிடுகிற மாதிரி எழுதிவையுங்கள்.