புது 250 சிசி மோட்டார் சைக்கிள் வருமா? முன்பணம் கட்டுமுன் இதைப் பார்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு வரும் தோட்டத்துப் பையன்கள் கேட்பது இதுதான்: "அண்ணே, புது 250 வருதாமே, காத்திருக்கவா?"

இணையத்தில் சுற்றும் புது வண்டிப் படத்தை நம்பாதே தம்பி. கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் வரையலாம். காப்புரிமை வரைபடமும் போதாது; பல அலமாரியிலேயே கிடக்கும். கண்காட்சியில் மாதிரி வண்டி நின்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொள். ஹோண்டா 2015இல் தோக்கியோவில் மாதிரி காட்டியது. அதுதான் 2016இல் சிபிஆர்250ஆர்ஆர் என்ற பெயரில் இந்தோனேசியாவில் இறங்கியது. கவாசாக்கியின் நாலு சிலிண்டர் இசட்எக்ஸ்-25ஆரும் 2020இல் அங்கேதான் முதலில் வந்தது. (அந்தச் சத்தம் இருக்கே!) ஆகவே இந்தோனேசியாவைப் பார். அங்கேயே இல்லாத வண்டிக்கு இங்கே முன்பணம் கேட்டால் வெள்ளியை வெளியே எடுக்காதே.

பி2 லைசன்ஸ் 250 சிசியோடு சரி. வரப்போவது 400 சிசி என்றால் முதலில் பெரிய வண்டிக்கான பி லைசன்ஸை எடு.