பழைய வான்படங்களில் வாஷிங்டன்: எங்கே ஏமாறுகிறோம்?

வாஷிங்டனின் நேஷனல் மால் பகுதியை விமானத்திலிருந்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தால் எழுந்திருக்க மனம் வராது. (மால் என்றதும் கடைகளைத் தேட வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் கேப்பிட்டல் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை நீளும் புல்வெளி இது. கிழக்குப் பாதியில் இருபுறமும் அருங்காட்சியகங்கள்.) ஆனால் தப்பாகப் புரிந்துகொள்வதும் இங்கே ரொம்ப சுலபம்.

படத்தின் கீழே இருக்கும் ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல சமயம் அது யாரோ பின்னால் ஊகித்து எழுதியது. கட்டடங்களைக் கேளுங்கள். குவிமாடம் வைத்த தேசியக் கலைக்கூடம் திறந்தது 1941இல். அதற்கு எதிர்ப்புறம், வட்டமான ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகம் 1974இல் வருவதற்கு முன், அதே இடத்தில் செங்கல்லில் கட்டிய ராணுவ மருத்துவ அருங்காட்சியகம் இருந்தது. 1960களின் கடைசியில் அதை இடித்தார்கள். குவிமாடமும் செங்கல் கட்டடமும் சேர்ந்து தெரிந்தால் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஒன்று, கண்ணில் படாததை எல்லாம் அப்போது இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1987இல் மாலுக்கு வந்த ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். மேலிருந்து தெரிவது ஒரு சின்ன மண்டபமும் தோட்டமும்.

நான் நன்றாக ஏமாந்தது வேறோர் இடத்தில். லிங்கன் நினைவகத்தின் முன்னால் நீண்ட குளம், அதன் வடக்கே சீப்புப் பல் மாதிரி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கட்டடங்கள். ஏதோ அருங்காட்சியகக் கிடங்கு என்று நினைத்துக்கொண்டேன். அவை முதல் உலகப் போரின்போது, 1918இல், கடற்படைக்கும் தரைப்படைக்கும் ‘தற்காலிகமாக’ எழுப்பிய அலுவலகங்கள்! இடித்தது 1970இல். இரண்டாம் உலகப் போரில் குளத்தின் தெற்கேயும் கட்டடங்கள் முளைத்தன. இரு கரையையும் இணைக்கக் குளத்தின் குறுக்கே நடைபாலங்கள்கூடப் போட்டார்கள். ஆக, இன்று பூங்காவாக இருப்பது அன்றும் பூங்காதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடற்படைக் கட்டடங்கள் நின்ற இடத்தில் இருக்கும் கான்ஸ்டிடியூஷன் கார்டன்ஸ் 1976இல்தான் திறந்தது.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்வது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. வாஷிங்டன் நினைவுத்தூணிலிருந்து கேப்பிட்டலை நோக்கிப் பார்த்தால், கோபுரங்கள் வைத்த சிவப்பு ஸ்மித்சோனியன் கோட்டை வலப்பக்கம் இருக்க வேண்டும், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இடப்பக்கம். மாறியிருந்தால் படம்தான் தப்பு.

நேர்கீழே பார்த்து எடுத்த படத்தில் மரங்கள் பள்ளமாகவும் குளம் மேடாகவும் தெரிகிறதா? வடக்கு மேலே இருக்கட்டும் என்று பிடித்திருப்பீர்கள். அப்போது தெற்கிலிருந்து வரும் வெயில் படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து விழும். ஆனால் வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நம் கண் எதிர்பார்க்கும். நிழல்கள் உங்களை நோக்கி விழும்படி படத்தைத் திருப்புங்கள், சரியாகிவிடும்.

நிழலை வைத்துப் பருவத்தையும் கணிக்கலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. நினைவுத்தூண் 555 அடி, அதாவது சுமார் 169 மீட்டர். நண்பகலில் அதன் நிழல் எப்போதும் வடக்கே, வெள்ளை மாளிகைப் பக்கம் விழும். ஜூன் கடைசியில் 50 மீட்டரைத் தாண்டாது. டிசம்பர் கடைசியில் 300 மீட்டரைத் தாண்டிவிடும். நீள நிழலைப் பார்த்ததும் குளிர்காலம் என்று எழுதிவிடுவார்கள். ஜூன் மாலையிலும் நிழல் அவ்வளவு நீளும். அப்போது அது வடக்கே போகாது, கிழக்கே கேப்பிட்டல் பக்கம் சாய்ந்திருக்கும். எல்ம் மரங்களும் இலையோடு இருக்கும்.