எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகளுக்கு (மின்னூட்டம் பெற்ற அணுக்களுக்கு) இடையிலான ஈர்ப்பு விசையைக் கணக்கிடுவது எப்படி?

கூலும் விதிப்படி, இரு மின்னூட்டங்களின் பெருக்கற்பலனை இடைத்தொலைவின் இருமடியால் வகுத்து, 8.99 × 10⁹ என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். தொலைவு மீட்டரிலும் மின்னூட்டம் கூலுமிலும் இருந்தால் விடை நியூட்டனில் வரும்.

சோடியம் குளோரைடு படிகத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அயனியின் மின்னூட்டமும் 1.602 × 10⁻¹⁹ கூலும். அடுத்தடுத்த அயனி மையங்களின் இடைத்தொலைவு 0.282 நானோமீட்டர், அதாவது 2.82 × 10⁻¹⁰ மீட்டர். மேல்வரி (வகுபடும் எண்): 8.99 × 10⁹ × (1.602 × 10⁻¹⁹)² = 2.307 × 10⁻²⁸. கீழ்வரி (தொலைவின் இருமடி): 7.95 × 10⁻²⁰. வகுத்தால் 2.90 × 10⁻⁹ நியூட்டன்.

பெரும்பாலும் சறுக்குவது கீழ்வரியில்தான். 2.82-ஐ மட்டும் இருமடியாக்கிவிட்டு 10⁻¹⁰-ஐ அப்படியே விட்டால் விடை 10¹⁰ மடங்கு குறைந்துவிடும். இன்னொன்று: இடைத்தொலைவுக்குப் பதிலாக ஒரே ஓர் அயனியின் ஆரத்தைப் போடுவது. இரண்டு ஆரங்களையும் கூட்டியே ஆக வேண்டும்.

மக்னீசியம் ஆக்சைடில் இரு அயனிகளிலும் மின்னூட்டம் இருமடங்கு (2 × 1.602 × 10⁻¹⁹ கூலும்) என்பதால் மேல்வரி நான்கு மடங்கு, தொலைவும் 0.210 நானோமீட்டராகச் சுருங்குகிறது. விசை 2.09 × 10⁻⁸ நியூட்டன், ஏழு மடங்குக்கும் மேல்.

குறிகளோடு பெருக்கினால் விடை எதிர்மறையாக வரும். அது ஈர்ப்பு என்பதற்கான அடையாளம் மட்டுமே, அளவைக் குறி இல்லாமல் எழுதுங்கள்.