பனிமலைக்குப் போகும் நெல்லைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு லீவு விட்டால் குற்றாலம், மணிமுத்தாறு என்று கிளம்பிய நம்ம பையன்கள் இப்போது உத்தராகண்ட் பனிமலைக்குப் பை கட்டுகிறார்கள். கேதார்காந்தா என்ற சிகரத்தின் பெயர் பாளையங்கோட்டை டீக்கடையிலேயே அடிபடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம ஊர்க்காரர்கள் அங்கே செய்யும் தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நமக்குக் குளிர் என்றால் சுகம். வருஷம் பூரா வெயிலில் வெந்துவிட்டு, சாரல் விழுந்தால் தலையை நீட்டி நனைகிற ஆட்கள் நாம். அதே மனசோடு பனிக்குள் இறங்கினால், உடம்பு தருகிற எச்சரிக்கையைக்கூட ஜாலி என்று எடுத்துக்கொள்வோம்.

உயரத்தை மட்டும் பாருங்கள். நமக்கு மலை என்றால் பொதிகை. அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர். கேதார்காந்தாவுக்கு நடக்கத் தொடங்கும் சாங்க்ரி கிராமமே 1,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம்ம உச்சிக்கும் மேலேதான் அங்கே முதல் அடியை எடுத்து வைக்கிறோம். கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். பொதுவாக 100 மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே குறையும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கூடாரத்துக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போவது அங்கே சர்வசாதாரணம். இதில் காற்றும் சேர்ந்தால் கதையே வேறு. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 13 போலத் தெரியும்.

ஜீன்ஸும் பனியனும்

முதல் தடவை போகிறவர் பையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: இரண்டு ஜீன்ஸ், நாலைந்து பருத்தி டீ-ஷர்ட், பனியன், அம்மா வாங்கிக் கொடுத்த தடி ஸ்வெட்டர், கல்லாக உறையப்போகும் தேங்காய் எண்ணெய் பாட்டில். நம்ம வெயிலுக்குப் பருத்தி தெய்வம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாகக் காய்ந்து உடம்பைக் குளிர வைக்கும். பனிமலையில் அதே குணம்தான் ஆளை வீழ்த்தும். ஈரம் உடம்பை ஒட்டியே நின்றுவிடும். காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகத்தில் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நனைந்த ஜீன்ஸ் அங்கே காயவே காயாது. காலையில் எடுத்தால் பலகை மாதிரி நிற்கும்.

இதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. ஃபுட்பால் ஆடப் போடுகிற பாலியஸ்டர் ஜெர்சி இருக்கிறதே, அது உள்ளே போட அருமையான துணி. அதன் மேல் கம்பளியோ ஃப்ளீஸோ ஒன்று. அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஒரு மேல்சட்டை. ஒரே தடி ஸ்வெட்டரைவிட இப்படி மூன்று அடுக்கு நல்லது, ஏனென்றால் தேவைக்கேற்பக் கழற்றலாம், போடலாம். முழங்கால் வரை பனி ஏறும் இடங்களுக்குக் கெய்ட்டர் என்ற கால் உறையை வாடகைக்கு வாங்கிக்கொள்ளலாம், சாங்க்ரியிலேயே கிடைக்கும்.

கழற்றிப் போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையில் குளிருகிறதே என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். இருபது நிமிஷத்தில் முதுகு நனைந்துவிடும். அப்புறம் மேட்டில் உட்கார்ந்து போட்டோ எடுக்கும்போது, அந்த வியர்வையெல்லாம் ஐஸ் தண்ணீராக மாறி முதுகில் ஒட்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. வியர்க்கப் போகிறது என்று தெரிந்த உடனே ஒரு சட்டையைக் கழற்ற வேண்டும். நின்ற உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, போட்டுவிட வேண்டும்.

ஷூவிலும் இதே மாதிரி ஒரு தவறு உண்டு. குளிருக்கு இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து, இறுக்கிக் கட்டுவார்கள். கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். விரலை உள்ளே ஆட்ட முடிய வேண்டும்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. நாள் முழுக்க நடந்துவிட்டுக் குளிக்காமல் படுக்க நமக்கு மனசு வராது. அங்கே வேண்டாம். ஈரத் துணியைக் கழற்றிவிட்டு, காய்ந்த துணியால் துடைத்து, தூங்குவதற்கென்றே தனியாக வைத்திருக்கும் உடுப்பைப் போட்டால் போதும். அந்த உடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடக் கூடாது.

"நல்லாதாம்ல இருக்கேன்"

இந்தப் பகுதியை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. இதில் மோசம் என்னவென்றால், மாட்டிக்கொண்டவருக்கே அது தெரியாது. மூளைதான் முதலில் மந்தமாகும். கூட வருகிறவன் ஜிப்பை மூட முயன்றுகொண்டே இருப்பான், கை போகாது. கையுறை ஒன்று கீழே விழுந்திருக்கும், குனிந்து எடுக்கத் தோன்றாது. பேசினால் நாக்கு குழறும். சமதரையிலேயே கால் தடுக்கும். "என்னல, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நல்லாதாம்ல இருக்கேன்" என்பான். அந்தப் பதிலை நம்பக் கூடாது. கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு தொடச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் நடை அங்கேயே நின்றது.

உடம்பு நடுங்கும்வரை அது இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டான் என்று நினைப்பது பெரிய ஆபத்து. உடம்பு சூடாகாமலே நடுக்கம் நிற்பது நிலைமை முற்றிவிட்டதன் அடையாளம். சிலர் அந்தக் கட்டத்தில் உடம்பு எரிகிறது என்று சட்டையையே கழற்றப் பார்ப்பார்கள்.

அப்போது நம்ம கை தானாகச் செய்யப்போவதெல்லாம் தப்பாகவே இருக்கும். கோடாலித் தைலத்தைப் போட்டுக் கைகாலைப் பரபரவென்று தேய்ப்போம். கூடாது. "கொஞ்சம் சரக்கு ஊத்துல, சூடாயிரும்" என்று யாராவது சொல்லுவார். அதுவும் கூடாது. மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடு ஏறுவது போல் தோன்றும், உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியேறும். முதலில் காற்றிலிருந்து மறைவுக்குக் கொண்டுபோங்கள். ஈரத் துணி முழுவதையும் களைந்து, காய்ந்த உடுப்புப் போட்டு, தூங்கும் பைக்குள் விடுங்கள். பனித் தரைக்கும் அவருக்கும் நடுவில் பாயோ, பையோ எதையாவது போடுங்கள், அடியிலிருந்துதான் சூடு அதிகம் போகும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வையுங்கள், கைகால்களில் அல்ல. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பாகச் சூடாகக் கொடுங்கள். சுக்குக் கருப்பட்டிக் காப்பித் தூள் ஒரு பொட்டலம் எடுத்துப் போனால் இதற்கு நன்றாக உதவும்.

பனிக்கடி வேறு. விரல் நுனி, மூக்கு, காது வெளுத்து, மெழுகு போல் ஆகி, உணர்ச்சி இல்லாமல் போகும். அதையும் தேய்க்கக் கூடாது. நெருப்பில் காட்டவும் கூடாது, மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, வெந்தே போகும். திரும்ப உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும்.

"நாங்க டிசம்பருக்குப் போகல, கோடையிலதான்" என்பவர்களும் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். 2024 ஜூன் மாதம், உத்தராகண்டின் சகஸ்ரதால் மலைப் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் இறந்தார்கள். நாலாயிரம் மீட்டருக்கு மேலே காலண்டர் மாதத்தை நம்ப முடியாது.

மூச்சு

வ.உ.சி. மைதானத்தில் தினமும் பத்து ரவுண்டு ஓடுகிறவனுக்கு, உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஓடுகிற தெம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேகமாக ஏற முடிகிறவன்தான் அதிகமாக மாட்டுகிறான். 2,500 மீட்டருக்கு மேலே தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் அன்று மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், குடித்தவர் போல் தள்ளாடினால் காத்திருக்க நேரமில்லை. ராத்திரியானாலும் துணைக்கு ஆளோடு அவரைக் கீழே இறக்கியாக வேண்டும். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நீங்களாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பனியின் மேல் கால்

பனிச்சரிவு என்றால் எங்கோ எவரெஸ்டில் நடப்பது என்று நினைக்கிறோம். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள எந்தப் பனி மேட்டிலும் நடக்கலாம். புதுப்பனி பெய்த அடுத்த ஒரு நாள்தான் மிக மோசம், போட்டோவுக்கு அழகாக இருக்கும் நாளும் அதுதான். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் சரிவில் இறந்தவர்கள் இருபதுக்கும் மேல், அவர்கள் உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவினர். பயிற்சி உள்ளவர்களுக்கே அப்படி. வழிகாட்டி வளைந்து போகிறார் என்றால் காரணம் இருக்கும், குறுக்கு வழி தேடக் கூடாது. சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். கூட்டமாகப் போய் நடுவில் நின்று செல்ஃபி எடுப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

இறங்கும்போது பனியில் உட்கார்ந்து சறுக்கி வருவது எல்லோருக்கும் பிடிக்கும். ஷூவுக்கு அடியில் முள் சங்கிலியோ, கிராம்பான் என்ற முள் தகடோ மாட்டியிருந்தால் மட்டும் செய்யவே கூடாது. முள் பனியில் கொத்தும், உடம்பு மட்டும் முன்னால் போகும், கணுக்கால் முறியும்.

உச்சிக்கு நடு இரவு தாண்டிக் கிளப்பிவிடுவதைப் பார்த்து நம்மவர்கள் அலுத்துக்கொள்வார்கள். குளிரில் பனி இறுகியிருக்கும், நடக்கத் தோது. வெயில் ஏறினால் இளகி, கால் முழங்கால் வரை புதையும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். நம்ம ஊரில் மார்கழியில்கூட ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். அங்கே ஐந்தரைக்கு முன்பே சூரியன் போய்விடும்.

சின்னதாகத் தோன்றுபவை

"நாம கறுப்புதானே, வெயில் என்ன செய்யும்" என்று கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வேண்டாம் என்பார்கள். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் வெந்துபோகும். கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நடந்தால் ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்தும்.

தாகம் தெரியாததால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், தெரிந்தே குடிக்க வேண்டும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலே கட்டும், மூடி அடைக்காது. போன், டார்ச் பேட்டரி எல்லாம் சட்டைக்குள், ராத்திரி தூங்கும் பைக்குள். தின்பதற்கு அல்வாவைவிட கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தேவலை. குளிரில் கல்லாகாது, நடந்துகொண்டே கடிக்கலாம்.

கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வைத்துத் தூங்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஆளைக் கொல்லும், அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

பழகிப் பார்க்க

கடையத்துக்கு அருகே தோரணமலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. எட்டுக் கிலோ பையோடு வாரம் இரண்டு முறை ஏறி இறங்கினால் முழங்கால் தயாராகும், இறங்குவதுதான் முக்கியம். பழகுகிறேன் என்று களக்காடு, முண்டந்துறைக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் 23 பேர் போனபின் மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன, இது புலிகள் காப்பகம் வேறு. மழைக் காலத்தில் மாஞ்சோலை, நாலுமுக்குப் பக்கம் அனுமதியோடு போனாலும் நனைந்து காற்றில் நின்றால், பனியே இல்லாமல் ஹைப்போதெர்மியா வரும். ஓடைகள் மேலே பெய்த மழைக்கு நிமிஷத்தில் ஏறும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் ஒரு சிறுவனை வெள்ளம் அடித்துப்போனது.

கடைசியாக ரயில் டிக்கெட். லீவு முடியும் நாளுக்குச் சரியாகத் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டுப் போகிறவர்தான், புயல் வந்தாலும் "இன்னிக்கு ஏறலன்னா அவ்வளவுதான்" என்று கிளம்புவார். டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குப் பாதை நீளம், பனியோ மண்சரிவோ வந்தால் சாலையே அடைபடும். திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள், அலுவலகத்திலும் அப்படியே சொல்லி வையுங்கள்.